விடுமுறை வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறேன்: விருந்தினர் பாதுகாப்பில் எதை முதலில் கவனிப்பது?

மலைச்சாரல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மாடியுடன் கூடிய வீடு ஒன்றைப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறேன். மூன்று படுக்கையறைகள், பின்பக்கம் சிறிய நீச்சல் குளம், குளியலறையில் கேஸ் கீசர், எல்லா ஜன்னல்களிலும் இரும்புக் கம்பி. மெத்தை, திரைச்சீலை எல்லாம் வாங்கியாயிற்று. விருந்தினருக்கான விதிமுறைகளை எட்டுப் பக்கத்தில் எழுதி, "படித்துப் புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்து வாங்க ஒரு தாளும் அச்சடித்து வைத்திருக்கிறேன். தீயணைப்பான் ஒன்று அடுப்புக்குப் பக்கத்து அலமாரிக்குள் இருக்கிறது.

இன்னும் என்ன வேண்டும்? பொதுவான பட்டியல்கள் இணையத்தில் நூறு கிடைக்கின்றன, அவை வேண்டாம். எது முதலில், எது பிறகு என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையசாவி எழுதியது:

எட்டுப் பக்கத்தை யாரும் படிக்கப்போவதில்லை. விருந்தினர் நள்ளிரவு நெருங்கும்போது, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்குவார். அவருக்கு முதலில் கழிப்பறை வேண்டும், பிறகு வைஃபை கடவுச்சொல், பிறகு படுக்கை. உங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஒரு படி மட்டும் உயரம் என்றால் இருட்டிலும் உங்கள் காலுக்கு அது தெரியும். அவருக்குத் தெரியாது. எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு, கேஸை எங்கே மூடுவது, பின்கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று எதுவும் தெரியாது. ஆம்புலன்ஸை அழைத்தால் எந்த முகவரியைச் சொல்வது என்றுகூடத் தெரியாது. கைப்பேசி வரைபடம் காட்டிய வழியில் வந்தவர் அவர்.

நான் எந்த வீட்டைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். விருந்தினர் ஓர் அறிவிப்பையும் படிக்கவில்லை, களைத்துத் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்த வீடு அவரைக் காப்பாற்றுமா? அந்தக் கணக்கில் உங்கள் வரிசை தானாகவே அமைந்துவிடும். தூக்கத்தில் கொல்லும் புகையும் வாயுவும் முதலில். அடுத்தது குளம். பிறகு மின்சாரம். வழுக்கி விழுவது அதற்கடுத்து. உயிர்ச்சேதம் குறைவாக இருக்கலாம், ஆனால் அடிக்கடி நடப்பது அதுதான். மீதியெல்லாம் அப்புறம்.

குளியலறையில் கேஸ் கீசர் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். அது அறைக்கு உள்ளேயா, வெளியேயா? புகைபோக்கி உண்டா? இதற்குப் பதில் தெரியும்வரை முன்பதிவைத் திறக்காதீர்கள்.

வாடகைக்கணக்கு எழுதியது:

மன்னிக்கவும், கொஞ்சம் மிகையாகத் தோன்றுகிறது. வருபவர்கள் வளர்ந்த மனிதர்கள். "சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்று பலகை வைத்துக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் நம் கடமை முடிந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு கருவி வாங்கிக்கொண்டிருந்தால் வாடகையில் என்ன மிஞ்சும்? என்னிடம் இரண்டு வீடுகள் இருக்கின்றன. இதுவரை எந்த அசம்பாவிதமும் இல்லை.

பழையசாவி எழுதியது:

அசம்பாவிதம் நடக்காததை வைத்து வீடு பாதுகாப்பானது என்று முடிவு கட்டுவது துணிச்சல்தான்.

பலகை விஷயம்: பல நாடுகளின் சட்டங்களில், உரிமையாளரின் கவனக்குறைவால் உயிரோ உடலோ பாதிக்கப்பட்டால் அந்த வாசகம் அவரைக் காப்பாற்றாது. ஆபத்து உங்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சியாகவும் ஆகலாம். இன்னொன்று, சாதாரண வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் நாள் வாடகைத் தொழிலை உள்ளடக்காது. உங்கள் காப்பீட்டாளரிடம் "விருந்தினர் தங்கும்போது ஏற்படும் காயத்துக்கு இது பொருந்துமா?" என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள், அதை நம்பாதீர்கள்.

தண்ணீர்வண்டி எழுதியது:

தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். மலைச்சாரலுக்குச் சில விஷயங்கள்.

புகையின் வாசனை நம்மை எழுப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தூக்கத்தில் மூக்கு அந்த வேலையைச் செய்யாது. எழுப்புவது சத்தம் மட்டுமே. ஆகவே ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு புகை அலாரம், படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது ஒன்று. ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும்படி இணைக்கக்கூடியதாக வாங்குங்கள். மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குபவருக்குக் கீழே சமையலறையில் அடிக்கும் அலாரம் கேட்காது. அடுப்பிலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வையுங்கள். பக்கத்தில் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் அலறும், விருந்தினர் பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார், அடுத்து வருபவருக்கு அலாரமே இருக்காது. பேட்டரியைக் கழற்ற முடியாதபடி மூடி வரும், பத்து ஆண்டு உழைக்கும் வகை கிடைக்கிறது. வாடகை வீட்டுக்கு அதுதான் சரி. பத்து ஆண்டு ஆனதும் முழுக் கருவியையும் மாற்ற வேண்டும். தயாரித்த தேதி பின்பக்கம் இருக்கும்.

தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்து அலமாரியிலிருந்து உடனே எடுங்கள். தீ அடுப்பில் பிடித்திருக்கும்போது அந்த அலமாரியைத் திறக்க யார் போவார்? சமையலறையிலிருந்து வெளியேறும் வழியில், கண்ணில் படும் சுவரில் மாட்டுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்துப் பாத்திரத்தை மூட வேண்டும் என்ற ஒரு வரியை அடுப்புக்கு எதிர்ச் சுவரில் எழுதி வைக்கலாம். நான் ஆதரிக்கும் மிகச் சில அறிவிப்புகளில் அது ஒன்று.

இப்போது ஜன்னல் கம்பி. திருடனைத் தடுக்கும் அதே கம்பி உள்ளே இருப்பவரையும் தடுக்கும். படிக்கட்டு புகையால் அடைபட்டால் மாடியில் இருப்பவருக்கு ஜன்னல்தான் வழி. ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னல் கம்பியாவது கீல் வைத்து, உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கும் தாழ்ப்பாளுடன் இருக்க வேண்டும். வாசல் கதவுக்கும் இதே விதி. உள்பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வேண்டவே வேண்டாம். உள்ளே கையால் திருகினால் திறக்கும் வகையைப் போடுங்கள்.

மலைச்சாரல் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பழையசாவி கேட்டதற்குப் பதில்: கீசர் குளியலறைக்கு உள்ளேதான் இருக்கிறது. புகைபோக்கி இல்லை. மேலே சிறிய காற்றோட்டத் துளை இருக்கிறது. புகை அலாரம் வைத்துவிட்டால் இதற்கும் போதாதா?

தண்ணீர்வண்டி எழுதியது:

போதாது. கார்பன் மோனாக்சைடுக்குப் புகை அலாரம் அடிக்காது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

மூடிய சிறிய அறையில் கேஸ் எரியும்போது ஆக்சிஜன் குறைகிறது. அரைகுறையாக எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடை வெளியிடுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். அதில்தான் உயிர் போகிறது. 2022 அக்டோபரில் மெக்சிகோ நகரத்தில், இணையத்தின் வழியே வாடகைக்கு எடுத்த அடுக்குமாடி வீட்டில் மூன்று அமெரிக்கப் பயணிகள் இந்த வாயுவால் இறந்தார்கள்.

வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளியே போனதும் குறைந்தால் சந்தேகமே வேண்டாம், வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

கீசரைக் குளியலறையிலிருந்து வெளியே எடுங்கள், அல்லது மின்சார கீசருக்கு மாறுங்கள். "துளை இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். குளிர்காலத்தில் யாராவது அதில் துணியை அடைத்துவிடுவார்கள். எரிபொருள் எரியும் எதுவும் வீட்டில் இருந்தால், படுக்கையறைகளுக்கு வெளியே ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும். கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் மட்டுமல்ல, ஜன்னலுக்கு அருகிலும் இயக்க இடம் கொடுக்காதீர்கள்.

கேஸ் கசிவுக் கருவி வேறு, இது வேறு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அதற்கான கருவி தரைக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு இலேசானது, மேலே ஏறும், அதற்குக் கூரையருகே. உங்கள் வீட்டில் எது என்று பார்த்து வாங்குங்கள். இடம் மாற்றி மாட்டிவைத்தால் இருந்தும் பயனில்லை.

செப்புக்கம்பி எழுதியது:

மின்சார கீசர் என்றதும் நான் வர வேண்டியதாயிற்று.

ஸ்விட்ச் போர்டில் எம்.சி.பி. (மின்சுமை கூடினால் தானே அணையும் ஸ்விட்ச்) இருக்கிறது, ஷாக் அடிக்காது என்று நினைப்பவர்கள் ஏராளம். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. மனிதரைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி. அதில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகையைப் போடுங்கள். முழு வீட்டுக்கும் ஒன்று என்று 100, 300 மில்லி ஆம்பியரில் போட்டிருந்தால், தீ விபத்தைத் தடுக்க உதவுமே தவிர ஷாக்குக்கு அதை நம்பக்கூடாது. அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். துண்டிக்கவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய பொம்மை. எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

படுக்கைக்குப் பக்கத்தில் போதுமான பிளக் பாயின்ட் வையுங்கள். இல்லாவிட்டால் விருந்தினரே எக்ஸ்டென்ஷன் கொண்டுவந்து, அதில் இன்னொன்றைச் செருகி, கம்பளத்துக்கு அடியில் ஓட்டுவார். மின் ஸ்கூட்டர், மின்சார சைக்கிள் பேட்டரிகளை வாசல் வழியில் சார்ஜ் போட விடாதீர்கள். அது பற்றிக்கொண்டால் வெளியேறும் வழியே அடைபடும்.

வால்வு எழுதியது:

குழாய் வேலை செய்பவன். கீசரை மாற்றுபவர்களிடம் எப்போதும் இரண்டு ஆலோசனைகள் போய்ச் சேரும்; இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோல இருக்கும்.

ஒருவர், "சூட்டை 49 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்காதே, வெந்துவிடும்" என்பார். உண்மை. 60 டிகிரித் தண்ணீர் வளர்ந்தவரின் தோலையே ஐந்தாறு விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கும் முதியவருக்கும் அதைவிட விரைவில். 54 டிகிரியில் அரை நிமிடம் ஆகும். 49-ல் சில நிமிடங்கள் கிடைக்கும், அதற்குள் கையை எடுத்துவிடலாம்.

இன்னொருவர், "60-க்குக் கீழே வைக்காதே, கிருமி வளரும்" என்பார். அதுவும் உண்மை. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீரில் நன்றாகப் பெருகும். 1976-ல் ஃபிலடெல்பியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்து விடுதியில் தங்கியவர்களிடையே பரவிய மர்ம நிமோனியாவை ஆராய்ந்தபோதுதான் இந்தக் கிருமியே அடையாளம் காணப்பட்டது. குடிப்பதால் அல்ல, ஷவரில் தெறிக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதால் நோய் வருகிறது.

தீர்வு: தொட்டியில் 60 டிகிரி, குளியலறைக்குப் போகும் குழாயில் வெப்பநிலையைத் தானே சமன்செய்யும் கலப்பு வால்வு. சூடும் குளிரும் கலந்து, வெளியே வரும்போது அளவாக வரும். எந்த அறிவிப்பும் தேவையில்லை.

நாள் வாடகை வீட்டுக்கு மட்டுமே உரிய சிக்கல் ஒன்று உண்டு. குடியிருக்கும் வீட்டில் தண்ணீர் தினமும் ஓடும். உங்கள் வீடு பருவம் முடிந்தால் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். ஆளில்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை எல்லாக் குழாய்களையும் ஷவர்களையும் சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். ஓடவிடும்போது ஷவர் முகப்பின்மேல் ஒரு பையைக் கட்டி, தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷவர் முகப்பைக் கழற்றி உப்புப் படிவத்தையும் அவ்வப்போது நீக்குங்கள்.

வாடகைக்கணக்கு எழுதியது:

கலப்பு வால்வு என்பதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அதை ஏற்றுக்கொள்கிறேன், உருப்படியான யோசனை.

ஆனால் குளத்துக்கு என்ன செய்வீர்கள்? அங்கே பலகையைத் தவிர வழியில்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது பெற்றோர் வேலை.

நீலத்தொட்டி எழுதியது:

குளங்களைப் பராமரிப்பது என் தொழில். பெற்றோர் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் வந்து இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவர் பெட்டிகளை இறக்குகிறார், இன்னொருவர் அறைகளைப் பார்க்கிறார், குழந்தை அவர் பக்கத்தில் இருப்பதாக இவரும், இவர் பக்கத்தில் இருப்பதாக அவரும் நினைக்கிறார்கள். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை அடித்துக்கொண்டு கவனத்தை ஈர்க்காது. சத்தமில்லாமல், மிகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வேலிதான் வழி. நான்கு பக்கமும், குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளி, ஏறுவதற்குக் குறுக்குச் சட்டம் இல்லாமல். மூன்று பக்கம் வேலியும் நான்காவது பக்கம் வீட்டுச் சுவருமாக வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை, ஏனென்றால் வீட்டின் பின்கதவைத் திறந்தால் நேராகக் குளம். வேலிக் கதவு குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும், தானே சாத்திக்கொள்ள வேண்டும், தானே தாழிட்டுக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில். கதவுக்குப் பக்கத்தில் நாற்காலி போடாதீர்கள். மிதக்கும் பொம்மைகளைக் குளத்தில் விட்டுவைக்காதீர்கள்; அவை குழந்தையைக் கூப்பிடும்.

குளத்தின் அடியிலுள்ள உறிஞ்சு துளையைப் பலர் பார்ப்பதே இல்லை. மூடி உடைந்திருந்தால் பம்ப்பின் இழுவிசை தலைமுடியையோ உடலையோ பிடித்துக்கொள்ளும். வளர்ந்தவராலும் இழுத்து மீட்க முடியாமல் போகலாம். இதற்காகவே அமெரிக்கா 2007-ல் தனிச் சட்டம் இயற்றிப் பொதுக் குளங்களில் பாதுகாப்பு மூடியைக் கட்டாயமாக்கியது. ஒரு மூடி விரிசல் விட்டிருந்தாலும் அன்று குளத்தை மூடிவிடுங்கள், விருந்தினர் எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

குளோரினையும் அமிலத்தையும் ஒரே அலமாரியில் அடுக்காதீர்கள். கலந்தால் நச்சு வாயு. இரண்டும் தனித்தனியாக, பூட்டின் பின்னால்.

இரட்டைவால் எழுதியது:

நான் உரிமையாளர் இல்லை, இரட்டைக் குழந்தைகளோடு இப்படிப்பட்ட வீடுகளில் தங்கும் விருந்தினர். என் பங்குக்குச் சில புலம்பல்கள்.

அழகுக்காகப் பால்கனிக் கைப்பிடிக்குப் பக்கத்தில் மேசை நாற்காலி போடுகிறார்களே, குழந்தை ஏறுவதற்கு அதைவிட வசதி எது? கைப்பிடி எவ்வளவு உயரம் இருந்தும் பயனில்லை. அலமாரியைச் சுவரோடு திருகி இறுக்கியிருக்க மாட்டார்கள். இழுப்பறைகளை வெளியே இழுத்து அதன்மேல் ஏறினால் அப்படியே சாயும். ஜன்னல் மறைப்பின் கயிறு சுருக்குப்போலத் தொங்கும், அதற்கு நேர்கீழே தொட்டிலைப் போட்டிருப்பார்கள். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆகாது. ஆனால் விளம்பரப் படங்களில் பொம்மைக் கரடி உட்கார்ந்திருப்பது அங்கேதான்.

குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டுக்கொண்டால் வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்க முடிய வேண்டும். மூன்று வயதுக் குழந்தை உள்ளே பூட்டிக்கொண்டு அழ, வெளியே நான் கதவைத் தட்டிக்கொண்டு நின்றது ஒரு விடுமுறை. உரிமையாளர் தொலைபேசியை எடுக்கவில்லை.

இருட்டில் படுக்கையிலிருந்து கழிப்பறை வரை தானாக எரியும் சிறு விளக்குகள் வையுங்கள். ஓர் அறைக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒற்றைப் படி இறங்கினால் அதன் விளிம்புக்கு வேறு நிறம் அடியுங்கள். வாடகை வீடுகளில் என்னைத் தடுக்கி விழவைத்தது எப்போதும் அந்த ஒற்றைப் படிதான்.

வாடகைக்கணக்கு எழுதியது:

இவ்வளவு சொல்கிறீர்கள், கேமராவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வரவேற்பறையில் ஒரு கேமரா வைத்தால் குழந்தை ஏறுவதும் தெரியும், கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் தெரியும்.

பழையசாவி எழுதியது:

வீட்டுக்குள் கேமரா கூடாது. வாடகை வீடுகளுக்கான முன்பதிவுத் தளமான ஏர்பிஎன்பி 2024 ஏப்ரல் 30 முதல் உலகம் முழுவதும் வீட்டுக்குள் கேமராவைத் தடைசெய்துவிட்டது, அணைத்து வைத்திருந்தாலும்கூட. வெளியே வைத்தால் எங்கே இருக்கிறது என்று விளம்பரத்திலேயே சொல்லியாக வேண்டும். சத்தத்தின் அளவை மட்டும் காட்டும் கருவியைப் பொது அறைகளில், முன்கூட்டியே தெரிவித்து வைக்கலாம். விருந்தினரைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் அவர் பாதுகாப்பாக இருக்கிறார் என்று ஆகாது. அவருடைய பாதுகாப்பில் அவரை நம்மிடமிருந்து காப்பதும் சேரும்.

அதே காரணத்துக்காக வாசல் பூட்டின் குறியீட்டெண்ணை ஒவ்வொரு விருந்தினருக்கும் மாற்றுங்கள். சென்ற மாதம் தங்கியவர் இன்றும் உள்ளே வர முடிகிற வீட்டில் தூங்குவதற்கு நான் என் குடும்பத்தை அனுப்பமாட்டேன்.

வாடகைக்கணக்கு எழுதியது:

வாசலில் மட்டும் வைப்பேன், அதை விளம்பரத்திலும் எழுதுவேன். மற்றதில் உங்களோடு எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

மாற்றுச்சாவி எழுதியது:

ஒரு விருந்தினர் போய் அடுத்தவர் வருவதற்குள் வீட்டைச் சுத்தம் செய்யும் குழுவை நடத்துகிறேன். இங்கே சொன்ன கருவிகள் எல்லாம் சரி. அவற்றை யார் பார்ப்பது? உரிமையாளர் வெளியூரில். விருந்தினர் பார்க்கமாட்டார். ஒவ்வொரு முறையும் உள்ளே நுழைவது நாங்கள் மட்டுமே.

எங்கள் ஆட்கள் ஆர்.சி.சி.பி. பொத்தானை அழுத்துகிறார்கள், அலாரம் ஒவ்வொன்றையும் அழுத்திச் சத்தம் கேட்கிறார்கள், குளத்தின் கதவை விட்டுப் பார்த்துத் தானே தாழிடுகிறதா என்று கவனிக்கிறார்கள், தீயணைப்பானின் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கைப்பிடிகளை ஆட்டிப் பார்க்கிறார்கள். ஆனால் காலையில் ஒருவர் கிளம்பி மதியம் இன்னொருவர் வரும்படி முன்பதிவை நெருக்கிவைக்கும் உரிமையாளரிடம் இதெல்லாம் நடக்காது. படுக்கை விரிப்பை மாற்றவே நேரம் போதாது. நேரமும் அதற்கான கூலியும் கொடுங்கள். குறை கண்டு சொல்பவரிடம் முகம் சுளிக்காதீர்கள். சுளித்தால் அடுத்த முறை உடைந்த கைப்பிடியைச் சொல்லமாட்டார்.

மலைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கீசரைக் கழற்றச் சொல்லிவிட்டேன்; மின்சார கீசரும் கலப்பு வால்வும் வருகின்றன. குளத்துக்கு நான்காவது பக்க வேலி போடும்வரை குளத்தை மூடி, விளம்பரத்திலிருந்தும் எடுத்துவிடுகிறேன். அலாரங்களையும் ஆர்.சி.சி.பி.யையும் இந்த வாரமே பொருத்துகிறார்கள். எட்டுப் பக்கம் ஒரு பக்கமாகிவிட்டது: மேலே பெரிய எழுத்தில் வீட்டின் முழு முகவரி, அவசர எண், அருகிலுள்ள மருத்துவமனை, கீழே கேஸ் மூடுமிடம், மெயின் ஸ்விட்ச், வெளியேறும் இரண்டு வழிகள். அதை வாசல் கதவின் உள்பக்கம் ஒட்டப்போகிறேன்.

தண்ணீர்வண்டி ஐயாவுக்கு ஒரு கேள்வி. மாடி ஜன்னலில் திறக்கும் கம்பி வைத்தால், தாழ்ப்பாள் சாவியில்லாமல் திறக்கும் என்கிறீர்கள். அப்படியானால் குழந்தையும் திறந்துவிடாதா?

தண்ணீர்வண்டி எழுதியது:

நல்ல கேள்வி. தாழ்ப்பாளைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வையுங்கள். இரண்டு அசைவில் திறக்கும் வகையாக, அதாவது அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டியதாக இருக்கட்டும். வளர்ந்தவர் இருட்டில் தடவியே திறந்துவிடுவார், சிறு குழந்தையால் முடியாது. கட்டிலையும் மேசையையும் அந்த ஜன்னலுக்குக் கீழே போடாதீர்கள். பொருத்தியதும் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டுக்குப் புதிதான ஒருவரிடம் சொல்லித் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறினால் கொல்லரிடம் திருப்பி அனுப்புங்கள். வர்ணம் பூசும்போது கீலில் வர்ணம் இறங்கி இறுகிவிடும், அதையும் கவனியுங்கள்.

மாற்றுச்சாவி எழுதியது:

ஐயா சொன்ன அந்தத் தாழ்ப்பாளையும் எங்கள் சோதனையில் சேர்த்துக்கொள்கிறோம். மலைச்சாரல், கொல்லரிடம் சொல்லி ஒரே அளவில் எல்லா ஜன்னலுக்கும் செய்யுங்கள். அறைக்கு அறை வேறு மாதிரி இருந்தால் எங்கள் ஆட்களே குழம்புவார்கள்.